ஒரே புள்ளி: சிமுலேஷன் 59 டிகிரி சொல்கிறது, தெர்மோகப்பிள் 67 சொல்கிறது

வெப்பக்கணக்கு | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மின்வண்டி சார்ஜருக்கான கண்ட்ரோல் பெட்டி ஒன்றை வடிவமைக்கிறோம். அலுமினியப் பெட்டி, வெளியே பவுடர் கோட்டிங், 200 மி.மீ. கனசதுரம். உள்ளே 60 வாட் வெப்பம். மின்விசிறி கிடையாது, வெளிக்காற்று தானாக மேலே போகிறதுதான்.

ஓபன்ஃபோம் என்ற சிமுலேஷன் மென்பொருளில் திடம், காற்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். வெளிக்காற்று 40 டிகிரி என்று கொடுத்தேன். பக்கச் சுவரின் நடுவில், சுவரிலிருந்து 0.5 மி.மீ. தள்ளி ஒரு புரோப் (சிமுலேஷனில் வெப்பநிலையைப் படிக்கும் புள்ளி) வைத்தேன். தெர்மோகப்பிளின் (சூடு அளக்கும் ஒயர் சென்சார்) முனை 1 மி.மீ. உருண்டை, அதன் மையம் அங்கேதான் இருக்கும் என்ற கணக்கு.

புரோப் கோப்பில் வந்தது 59.3 டிகிரி. ஷெட்டில் அளந்தது 66.8. ஏழரை டிகிரி வித்தியாசம்.

சுவரின் எமிசிவிட்டியை (கதிர்வீச்சாக வெப்பத்தை வெளிவிடும் திறன்) 0.9-இலிருந்து 0.45 வரை இறக்கினால் புரோப் மதிப்பு 66.8-க்கு வந்துவிடுகிறது. கோட்டிங்கின் உண்மையான மதிப்பு எங்களுக்கு யாரும் தரவில்லை. அப்படியே 0.45 என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமா? வெள்ளிக்கிழமை அறிக்கை தர வேண்டும்.

தரமணி_மெஷ் | செவ்வாய், இரவு 10:25

தம்பி, எமிசிவிட்டியில் கை வைக்காதீர்கள். சாதாரண பவுடர் கோட்டிங் எந்த நிறமாக இருந்தாலும் பெரும்பாலும் 0.9-ஐ ஒட்டித்தான் இருக்கும். நல்ல கோட்டிங்குக்கு 0.45 வராது. முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். மெஷ்ஷில் (கணக்குக்காக இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாக வெட்டியது) சுவரை ஒட்டிய முதல் செல்லின் தடிமன் எவ்வளவு? புரோப் பகுதியில் இன்டர்போலேஷன் (பக்கத்து மதிப்புகளை வைத்து இடையில் கணக்கிடும் முறை) என்ன கொடுத்திருக்கிறீர்கள்? சுவரின் மேல் வெப்பநிலை எவ்வளவு வந்தது, புரோப் இல்லை, சுவரேதான்?

வெப்பக்கணக்கு | செவ்வாய், இரவு 10:41

முதல் செல் 4 மி.மீ. இன்டர்போலேஷன் எதுவும் கொடுக்கவில்லை, டுடோரியலில் இருந்ததை அப்படியே எடுத்தேன். சுவரின் வெப்பநிலை 0.9 வைத்தபோது 70.0. 0.45 வைத்தால் 82 ஆகிறது. அண்ணா, இதை இப்போதுதான் பார்க்கிறேன். 82 என்றால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு ஆகாது.

தரமணி_மெஷ் | செவ்வாய், இரவு 11:30

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் 0.5 மி.மீ.யில் கேட்டீர்கள். மென்பொருள் 2 மி.மீ.யில் இருப்பதைச் சொன்னது. ஓபன்ஃபோம் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே ஒரு மதிப்புத்தான் வைத்திருக்கும், அது செல்லின் மையத்துக்கு உரியது. புரோப்புக்கு வேறு எதுவும் சொல்லாவிட்டால், புள்ளி எந்தச் செல்லுக்குள் விழுகிறதோ அந்தச் செல்லின் மதிப்பை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும். 4 மி.மீ. செல்லில் நீங்கள் 0.1-இல் வைத்தாலும் 3.9-இல் வைத்தாலும் அதே 59.3 தான் வரும். வைத்துப் பாருங்கள்.

சரி, ஒன்றரை மி.மீ. தள்ளியதால் எட்டு டிகிரி மாறுமா? காற்றில் மாறும். கையாலேயே கணக்குப் போடலாம். உங்கள் பெட்டிச் சுவர் 70, காற்று 40. 200 மி.மீ. உயரச் செங்குத்துச் சுவரில் தானாக மேலெழும் காற்றுக்கு வெப்பப் பரிமாற்றக் குணகம் சதுர மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 5 வாட். 30 டிகிரிக்குச் சதுர மீட்டருக்கு 150 வாட். சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று நகராது. அதன் வழியாக இந்த 150 வாட்டும் கடத்தலால்தான் போக வேண்டும். அந்தச் சூட்டில் காற்றின் கடத்துதிறன் சுமார் 0.028. 150-ஐ 0.028-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 5,360 டிகிரி. அதாவது ஒரு மி.மீ.க்கு ஐந்தேகால் டிகிரிக்கு மேல்.

இப்போது 70-இலிருந்து 2 மி.மீ. இறங்குங்கள்: 59.3. 0.5 மி.மீ. மட்டும் இறங்குங்கள்: 67.3. உங்கள் இரண்டு எண்ணும் வந்துவிட்டதா?

இதையே அலுமினியத்துக்குள் செய்து பாருங்கள். கடத்துதிறன் 200 என்று வைத்தால், அதே 150 வாட்டுக்கு மீட்டருக்கு முக்கால் டிகிரிதான். திடத்துக்குள் புரோப்பை ஒரு விரல் தள்ளி வைத்தாலும் ஒன்றும் ஆகாது. காற்றில் ஒரு நெல்மணி அகலம் தள்ளினால் பத்து டிகிரி போய்விடும். புள்ளியின் ஆயத்தொலைவை எவ்வளவு கவனமாகக் கொடுக்க வேண்டும் என்பதை அந்த இடத்தின் சரிவுதான் முடிவு செய்கிறது. நான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: புள்ளியைக் குறிக்கும் முன், அங்கே ஒரு மி.மீ.க்கு எத்தனை டிகிரி என்று ஒரு வரிக் கணக்குப் போட்டு அதைப் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதிவை.

இப்போது செய்ய வேண்டியது: கண்ட்ரோல்டிக்ட் கோப்பில் புரோப்ஸ் பகுதிக்குள் இன்டர்போலேஷன்ஸ்கீம் என்ற வரியைச் சேர்த்து செல்பாயின்ட் என்று கொடுங்கள். செல் மையத்தின் மதிப்பையும் மூலைகளின் மதிப்பையும் வைத்து இடையில் கணக்கிடும். சுவர் மூலைகளுக்குச் சுவரின் 70-ஐ எடுத்துக்கொள்ளும். திரும்ப ஓட்ட வேண்டியதில்லை, முடிந்த ரன்னின் மேலேயே போஸ்ட்புராசஸ் செய்யலாம்.

வெப்பக்கணக்கு | புதன், காலை 7:15

செய்தேன். 67.3 வந்துவிட்டது! எமிசிவிட்டி 0.9 தான். ராத்திரி 0.1, 1, 3, 3.9 மி.மீ. எல்லாவற்றிலும் பழைய முறையில் புரோப் வைத்துப் பார்த்தேன், நான்கிலும் 59.3. இத்தனை நாள் இது தெரியாமல் வரைபடம் போட்டிருக்கிறேன். அளந்தது 66.8, கணக்கு 67.3. அரை டிகிரி. அறிக்கையில் இதைப் போட்டுவிடலாம் அல்லவா?

தரமணி_மெஷ் | புதன், காலை 8:02

இன்னும் இல்லை. இன்டர்போலேஷன் படிக்கிற முறையைத்தான் சரி செய்தது, தீர்வை இல்லை. சுவரை ஒட்டிய எல்லைப் படலத்தில் கிட்டத்தட்ட ஐந்தாறு மி.மீ.க்குள் வெப்பநிலை முக்கால்வாசி இறங்கிவிடும். அதற்குள் உங்களுக்கு இருப்பது ஒன்றரைச் செல். சுவருக்கும் 2 மி.மீ.க்கும் நடுவே நேர்கோடு என்று வைத்துக்கொள்வதால் சுவரிலுள்ள சரிவு குறைத்து மதிப்பிடப்படும். சரிவு குறைந்தால் வெப்பம் போவது குறையும், 60 வாட்டையும் வெளியேற்ற சுவர் கூடுதலாகச் சூடாக வேண்டியிருக்கும். ஆகவே அந்த 70-ஏ கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். முதல் செல்லை 0.4 மி.மீ.க்குக் கொண்டு வாருங்கள், வெளியே போகப்போக 1.2 மடங்காக வளரட்டும்.

அப்புறம் கொந்தளிப்புக்கான மாடல் (டர்புலன்ஸ் மாடல்) ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் ராலே எண் (தானாக எழும் காற்றோட்டத்தின் வலிமையைக் காட்டும் எண்) சுமார் ஒன்றரைக் கோடி. செங்குத்துச் சுவரில் கொந்தளிப்பு 100 கோடிக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். வால் ஃபங்ஷன் (சுவரை ஒட்டிய படலத்தை மெஷ்ஷால் பிடிக்காமல் சூத்திரத்தால் நிரப்புவது) இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: முதல் செல்லுக்குள் வெப்பநிலை நேர்கோட்டில் இறங்குவதில்லை, சுவரை ஒட்டியே செங்குத்தாக விழுந்துவிடும். அங்கே செல்பாயின்ட் போட்டால் அழகான ஒரு எண் வரும், ஆனால் அது தப்பு. வால் ஃபங்ஷன் வைத்த கணக்கில் முதல் செல்லுக்குள் புள்ளி வைக்கவே கூடாது.

பழைய_மல்டிமீட்டர் | புதன், காலை 11:50

இருபது வருடமாக அளக்கிற வேலை என்னுடையது. சிமுலேஷன் பக்கம் எல்லாம் பேசிவிட்டீர்கள். அந்த 66.8 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. தெர்மோகப்பிளும் ஒரு சிமுலேஷன் மாதிரிதான், அதுவும் ஒரு சராசரியைத்தான் சொல்லும்.

தம்பி, எப்படி ஒட்டினீர்கள்? எந்த வகை? ஒயர் எந்தப் பக்கம் போகிறது? மீட்டர் எங்கே இருந்தது? அளந்தபோது அறையின் வெப்பம் எவ்வளவு, அளந்து எழுதியதா, வாயில் சொன்னதா?

வெப்பக்கணக்கு | புதன், மதியம் 1:20

சார், கே வகை. கேப்டன் டேப் (சூடு தாங்கும் டேப்) ஒரு துண்டு போட்டு ஒட்டினேன். ஒயர் நேராக வெளியே வந்து மேசைக்குப் போகிறது. டேட்டா லாகர் (ரீடிங்கைப் பதிவு செய்யும் மீட்டர்) மேசை மேல், பெடஸ்டல் ஃபேன் அதன் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது, கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் ஃபேன் இல்லாமல் நிற்க முடியவில்லை. ஃபேன் காற்று பெட்டி மேல் படாமல் அட்டை வைத்துத் தடுத்தேன். அறை வெப்பம் காலை 11 மணிக்கு 40.1 பார்த்தேன், அதனால்தான் 40 கொடுத்தேன். சுவர் ரீடிங் எடுத்தது மதியம் மூன்றரைக்கு.

பழைய_மல்டிமீட்டர் | புதன், மாலை 6:35

மூன்றரை மணி! சென்னையில் மே மாதம் 11 மணிக்கும் மூன்றரை மணிக்கும் நடுவில் கடற்காற்று வந்துவிடும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் தாமதமாகும், அம்பத்தூர் வரைக்கும் வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆனால் வந்துவிட்டால் ஷெட்டுக்குள் ஒன்றிரண்டு டிகிரி சட்டென்று இறங்கும். லாகரில் அறைக்கும் ஒரு சேனல் போட்டிருந்தால் எடுத்துப் பாருங்கள். எப்போதும் சுவர் வெப்பநிலையை ஒப்பிடாதீர்கள், சுவருக்கும் அறைக்கும் உள்ள உயர்வை ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஒயர். முனையிலிருந்து நேராக வெளியே இழுத்தால் அந்த ஒயரே சின்ன வெப்பத் தகடு மாதிரி முனையைக் குளிர வைக்கும். ஒட்டிய இடத்திலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் சுவரை ஒட்டியே, பக்கவாட்டாக, ஒரே சூடு இருக்கும் திசையில் கொண்டுபோய் அப்புறம் வெளியே எடுங்கள். கேப்டன் டேப்புக்கு அடியில் முனை கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும், நகத்தால் அழுத்திப் பாருங்கள், அடியில் வெளிச்சமான ஒரு காற்றுக் குமிழ் தெரியும். ஒரு பொட்டு தெர்மல் பேஸ்ட் வைத்து அதன் மேல் டேப் போடுங்கள். அலுமினிய டேப் வேண்டாம். அது பளபளப்பு, அந்த இடத்தில் மட்டும் கதிர்வீச்சு நின்றுவிடும். உங்கள் பெட்டியில் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 217 வாட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போகிறது, காற்று கொண்டு போவது 150 தான். அதை மறைத்தால் அளக்கிற இடமே மாறிப்போகும்.

மீட்டர் விஷயம்: கே வகை ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். அது இரு முனைகளின் வித்தியாசத்துக்குத் தரும் மின்னழுத்தம். ஒயர் லாகரில் நுழைகிற இடத்தின் சூட்டை லாகர் தன் உள்ளே இருக்கிற ஒரு சென்சாரை வைத்து ஊகித்துக் கூட்டிக்கொள்கிறது. ஃபேன் காற்று டெர்மினல் மேல் நேராக அடித்தால் டெர்மினல் ஒரு சூட்டிலும் அந்தச் சென்சார் இன்னொரு சூட்டிலும் இருக்கும். அந்த வித்தியாசம் அப்படியே உங்கள் ரீடிங்கில் ஏறும். லாகரை ஒரு அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. ஒட்டிய தெர்மோகப்பிள் காற்றை அளக்கவில்லை, சுவரைத்தான் அளக்கிறது. 0.5 மி.மீ. காற்றுப் புள்ளியோடு ஒப்பிடுவதே சரியில்லை. சுவரின் மதிப்போடு ஒப்பிடுங்கள்.

தரமணி_மெஷ் | புதன், இரவு 8:10

சார் சொல்வது முழுக்க சரி. நானே அந்த 0.5 மி.மீ.யைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். சுவரில் எடுக்க பேட்ச்புரோப்ஸ் என்று தனியாக இருக்கிறது தம்பி, பேட்ச் (எல்லைப் பரப்பு) பெயரைக் கொடுத்தால் புள்ளியை அந்தச் சுவரின் மேல் கொண்டுபோய் அங்குள்ள மதிப்பை எடுக்கும்.

காசிமேடு_ஐஸ் | புதன், இரவு 9:05

இழைக்குள் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் புரோப்தான். மீன் வைக்கிற தெர்மக்கோல் பெட்டிக்கு எம்.டெக் புராஜெக்ட் செய்கிறேன். உள்ளே காற்று, பெட்டிச் சுவர் என்று இரண்டு ரீஜன். எட்டுப் புரோப் வைத்தேன். ஆறு நன்றாக இருக்கிறது. இரண்டில் மட்டும் மைனஸ் ஒன்றுக்குப் பின்னால் முந்நூறு சுழியம் போட்ட எண் வருகிறது. டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. கணக்கு வெடிக்கிறதா?

தரமணி_மெஷ் | புதன், இரவு 9:22

வெடிக்கவில்லை. அந்த எண்ணுக்கு "இந்தப் புள்ளி எனக்குக் கிடைக்கவில்லை" என்று அர்த்தம். அந்த இரண்டு புள்ளியின் ஆயத்தொலைவைப் போடுங்கள்.

காசிமேடு_ஐஸ் | புதன், இரவு 9:31

ஒன்று மூடியிலிருந்து 10 மி.மீ. கீழே. மூடியின் தடிமன் 25 மி.மீ... ஓ. அது தெர்மக்கோலுக்குள் இருக்கிறது, நான் ரீஜன் என்று காற்றைக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று பெட்டியின் நட்ட நடுவில். பாதிப் பெட்டியை மட்டும் கணக்கிடுகிறேன், சமச்சீர்த் தளத்தின் மேலேயே வைத்துவிட்டேன்.

தரமணி_மெஷ் | புதன், இரவு 9:40

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒவ்வொரு ரீஜனுக்கும் தனிப் புரோப் பகுதி எழுதி, அதனதன் ரீஜன் பெயரைக் கொடுங்கள். எல்லைத் தளத்தின் மேலேயும் இரண்டு செல்லுக்கு நடுவேயுள்ள முகத்தின் மேலேயும் புள்ளி வைக்காதீர்கள், பத்தில் ஒரு மி.மீ. உள்ளே தள்ளுங்கள். பல பிராசசரில் பிரித்து ஓட்டும்போதும் இதே தொல்லை வரும், பிரிகிற கோடு உங்கள் புள்ளி மேலேயே போகலாம். வட்டமான எண்களில் புள்ளி வைக்கிற பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். மெஷ்ஷும் வட்டமான எண்களில்தான் வெட்டியிருப்போம்.

இன்னொன்று. பாராவியூவில் (முடிவைப் படமாகக் காட்டும் மென்பொருள்) வண்ணம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் செல் டேட்டா, மழமழவென்று தெரிந்தால் பாயின்ட் டேட்டா. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு எண்ணை எழுதுங்கள். கோப்பிலுள்ள மதிப்பு கெல்வின், 273.15 கழிக்க வேண்டும். 273 மட்டும் கழித்தால் ஐஸ் உருகும் இடத்தில் அந்த 0.15 உங்களைக் குழப்பும்.

காசிமேடு_ஐஸ் | புதன், இரவு 10:15

இரண்டும் சரியாகிவிட்டது, நன்றி அண்ணா. மூடியைத் திறக்கும்போது சிமுலேஷனில் காற்று பத்து விநாடியில் ஏறிவிடுகிறது. துறைமுகத்தில் பெட்டிக்குள் வைத்து எடுத்த லாகரில் அந்த ஏற்றமே தெரியவில்லை, மெதுவாக ஒரு மேடு மாதிரி போகிறது. இதுவும் மெஷ்ஷா?

பழைய_மல்டிமீட்டர் | வியாழன், காலை 6:50

அது உங்கள் சென்சார் அம்மா. ஸ்டீல் உறை போட்ட சென்சார்தானே? அசையாத காற்றில் அது நிதானமாகத்தான் வரும். இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து 0-க்குக் கொண்டு வாருங்கள். வெளியே எடுத்து ஈரத்தை நன்றாகத் துடைத்து, காற்றடிக்காத இடத்தில் தொங்கவிடுங்கள். அறை 32 டிகிரி என்றால் 20-ஐத் தொட எவ்வளவு நேரம் என்று பாருங்கள், ஏனென்றால் மொத்த மாற்றத்தில் 63 சதவீதம் அது. அந்த நேரம்தான் சென்சாரின் கால மாறிலி. ஈரம் இருந்தால் ஆவியாகிக் குளிர்வித்துவிடும், அதனால் துடைப்பதில் அவசரப்படாதீர்கள்.

அப்புறம் உங்கள் சிமுலேஷன் வரைபடத்தை அந்தக் கால மாறிலி வழியாக அனுப்புங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பிலும், காற்றுக்கும் சென்சாருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கால மாறிலியால் வகுத்து, ஸ்டெப் நேரத்தால் பெருக்கி, சென்சார் மதிப்போடு கூட்டுவதுதான். எக்செல்லில் ஒரு நெடுவரிசை போதும். அந்த வரைபடத்தை லாகரோடு ஒப்பிடுங்கள்.

வெப்பக்கணக்கு | வியாழன், இரவு 11:05

இரண்டு நாள் வேலை முடிந்தது, எண்களைப் போடுகிறேன்.

முதல் செல் 0.4 மி.மீ. ஆக்கினேன். சுவர் 70.0-இலிருந்து 68.4-க்கு இறங்கியது, அண்ணா சொன்ன திசையிலேயே. ரெசிடியுவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) எல்லாம் மதியமே அடங்கிவிட்டது, ஆனால் சுவர் புரோப் இன்னும் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது, அலுமினியம் சூடேறி முடிக்கவில்லை. வெளியே போகும் வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தேன், 60-க்கு 56 வாட்தான் போய்க்கொண்டிருந்தது. 59.9 வரும்வரை ஓட்டினேன், மேலே சொன்ன 68.4 அதற்குப் பிறகு எடுத்தது. 0.2 மி.மீ. வைத்தும் ஒருமுறை ஓட்டினேன், 68.3. அதற்கு மேல் மாறவில்லை.

பழைய லாகர் கோப்பில் அறை சேனல் இருந்தது. மூன்றரை மணிக்கு 38.8. ஆக அன்றைய உயர்வு 28.0. நான் ஒப்பிட்டிருந்த 67.3-க்கும் 66.8-க்கும் உள்ள அந்த அரை டிகிரிப் பொருத்தம் தற்செயல்தான்.

இன்று பேஸ்ட் வைத்து ஒட்டி, ஒயரை ஐந்து சென்டிமீட்டர் சுவரோடு ஓட்டி, லாகரை அட்டைப் பெட்டிக்குள் வைத்து அளந்தேன். அறை 39.4, சுவர் 68.1. உயர்வு 28.7. சிமுலேஷனில் 28.4. எமிசிவிட்டி 0.9.

பழைய_மல்டிமீட்டர் | வெள்ளி, காலை 6:20

நல்ல வேலை தம்பி. அறிக்கையில் 0.3 டிகிரி பொருந்தியது என்று மட்டும் எழுதாதீர்கள். கே வகையில் நல்ல தரத்துக்கே பிளஸ் மைனஸ் ஒன்றரை டிகிரி அனுமதி உண்டு. அதையும் போட்டு எழுதுங்கள். ஒட்டிய இடத்தை ஸ்கேலோடு சேர்த்து ஒரு படம் எடுத்து இணையுங்கள், ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் அதே இடத்தில் ஒட்ட வேண்டியிருக்கும்.

வெப்பக்கணக்கு | வெள்ளி, காலை 9:10

படம் எடுத்து இணைத்துவிட்டேன் சார். புள்ளிப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த ரீஜன், சுவரா காற்றா, செல்லின் தடிமன், ஒரு மி.மீ.க்கு எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறேன். கெப்பாசிட்டர் பக்கத்துக் காற்றுப் புள்ளியில் மட்டும் மி.மீ.க்கு 4 டிகிரி வருகிறது. அங்கே தெர்மோகப்பிளை எப்படி நிறுத்துவது என்று தனி இழை போடுகிறேன்.

காசிமேடு_ஐஸ் | வெள்ளி, காலை 10:30

சென்சார் சோதனை செய்தேன் சார். நன்றாகத் துடைத்துத்தான் தொங்கவிட்டேன். 4 நிமிடம் 10 விநாடி. அதன் வழியாக அனுப்பியதும் லாகரின் மேடு அப்படியே வந்துவிட்டது.